பாத யாத்திரைக்கு முன் ஒரு சிம், ஒரு ரயில் டிக்கெட்

ஆடி நெருங்கினால் தமிழ்நாட்டு முருக பக்தர்கள் சிலர் கதிர்காமப் பாத யாத்திரைக்குக் கிளம்புகிறார்கள். கார்த்திகை பிறந்தால் யாழ்ப்பாணம், மட்டக்களப்பு, மலையகம் என்று பல பக்கத்திலிருந்தும் ஐயப்ப பக்தர்கள் இருமுடியோடு சபரிமலைக்கு வருகிறார்கள். விரதமும் நடையும் இரு கரைக்கும் பொது. போய் இறங்கிய நாட்டில் ஒரு சிம் வாங்குவதும் ரயிலில் இடம் பிடிப்பதும் மட்டும் நேர்மாறாக நடக்கின்றன. இந்த விஷயத்தில் வருகிறவரை இலங்கை நடத்தும் விதமே மேல் என்பது என் கட்சி.

கட்டுநாயக்க விமான நிலையத்தில் வெளியே வரும் கூடத்திலேயே டயலொக், மொபிட்டல் கவுண்டர்கள் இருக்கின்றன. பாஸ்போர்ட்டை நீட்டினால் சில நிமிடங்களில் சிம் வேலை செய்யத் தொடங்கிவிடும். தீர்ந்தால் வழியில் எந்தப் பெட்டிக்கடையிலும் ரீலோட் போட்டுக்கொள்ளலாம். 2024 பிப்ரவரியிலிருந்து நம் யுபிஐ-யும் இலங்கைக் கடைகள் பலவற்றில் செல்கிறது. யுபிஐ-க்கு இந்திய எண் உயிரோடு இருக்க வேண்டும். வங்கியின் ஓடிபி அதற்குத்தான் வரும். எனவே கிளம்புமுன் ரோமிங்கைத் திறந்து வைத்து, இரண்டு சிம் போடும் போனாக எடுத்துப் போவது நல்லது.

இங்கே வருகிறவர் நிலை வேறு. பாஸ்போர்ட், விசா, புகைப்படம் எல்லாம் கொடுத்த பிறகும், உள்ளூரில் தெரிந்தவர் ஒருவரின் எண்ணைப் பல கடைகளில் கேட்கிறார்கள். சிம் உயிர் பெற மணிக்கணக்கில் ஆகும். சில இடங்களில் ஒரு நாள்கூட ஆகும். குருசாமியோடு முப்பது பேராக வரும் குழு அதற்காக எங்கே காத்திருக்கும்? ஒருவர் பெயரில் ஒரு சிம் வாங்கிக்கொண்டு மற்றவர்கள் போனில்லாமலே நடக்கிறார்கள்.

சிம்மைவிடப் பெரிய தொல்லை ரயில் டிக்கெட். இந்திய ரயில்வேயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன் திறக்கிறது; 2024 நவம்பருக்கு முன்பு 120 நாள். வெளிநாட்டுப் பயணிகளுக்கு 365 நாள் முன்பே எடுக்கத் தனி ஒதுக்கீடு உண்டு. ஆனால் அது எல்லா வண்டியிலும் இல்லை, கட்டணமும் கூடுதல். ஸ்லீப்பரை நம்பி வருகிறவருக்கு அது கட்டுபடியாகாது. கடைசி வழியான தட்கலை 2025 ஜூலை 1 முதல் ஆதார் சரிபார்த்த கணக்கில் மட்டுமே இணையத்தில் எடுக்க முடியும். அதே ஆண்டு அக்டோபரில், பொது முன்பதிவு திறக்கும் முதல் 15 நிமிடமும் ஆதார் உள்ளவர்களுக்கு என்று விதி வந்தது. மண்டல காலத்தில் கோட்டயம், செங்கன்னூர் வண்டிகளில் அந்தத் தொடக்க நேரத்துக்குப் பிறகு என்ன மிஞ்சும் என்பது நமக்கே தெரியும். போலி ஏஜென்டுகளை ஒழிக்க வந்த விதி இது, நோக்கம் சரி. பாஸ்போர்ட்டோடு வரும் பக்தரை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் வருத்தம்.

இலங்கையில் முன்பதிவு 30 நாளுக்கு முன் திறக்கும். பாஸ்போர்ட் எண்ணைக் கொடுத்தால் போதும். இடம் கிடைக்காவிட்டாலும் கொழும்பு கோட்டை நிலையத்தில் மூன்றாம் வகுப்புச் சீட்டைக் கையில் வாங்கிக்கொண்டு ஏறிவிடலாம். யாழ்ப்பாணத்துச் செல்வச்சந்நிதி முருகன் கோயிலிலிருந்து முழு நடையும் நடப்பவருக்கு யாழ்தேவி ரயில். போரில் அழிந்த வடக்குப் பாதை இந்தியக் கடனில் மீண்டு, 2014 அக்டோபரில் ரயில் மறுபடி யாழ்ப்பாணம் வந்தது. காட்டு நடை மட்டும் போதும் என்பவர் உதயதேவியில் மட்டக்களப்பு போய், அங்கிருந்து பஸ்ஸில் பொத்துவில், காட்டுப்பாதை தொடங்கும் உகந்தை போகலாம். திரும்பும்போதுதான் குறை. மாத்தறைப் பாதை 2019-இல் பெலியத்த வரை நீண்டது. கதிர்காமத்துக்கு இன்னும் போகவில்லை. அதுவரை பஸ்தான். முழு நடைக்கு ஒன்றரை மாதம் ஆகும், விசாவோ 30 நாள். நீட்டிப்பை முன்கூட்டியே வாங்கிவிட வேண்டும்.

ஒரு காலத்தில் இந்த அலைச்சல் இல்லை. 1914-இல் ஓடத் தொடங்கிய போட் மெயிலில், சென்னையில் எடுத்த ஒரே டிக்கெட் தனுஷ்கோடி வரை ரயிலுக்கும், தலைமன்னார் வரை கப்பலுக்கும், கொழும்பு வரை மறுபடி ரயிலுக்கும் செல்லும். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்ததோடு அந்தத் தனுஷ்கோடி வழி அற்றுப்போனது.

போன் விஷயத்தில் மட்டும், காட்டுக்குள் இரு நாட்டு நிலைமையும் தலைகீழ். சபரிமலையில் பம்பையிலும் சந்நிதானத்திலும் சிக்னல் உண்டு. தரிசன முன்பதிவே இணையவழி என்பதால் அங்கே போன் இல்லாதவர் பாடு திண்டாட்டம். உகந்தையைத் தாண்டிக் குமனைக்குள் நுழைந்தால், யால வழியாகக் கதிர்காமம் சேரும் வரை பெரும்பகுதியில் சிக்னலே கிடையாது. யானை உலவும் காடு அது. காட்டுப்பாதையை ஆண்டுக்கு இரண்டு வாரம் போலத்தான் திறக்கிறார்கள். அந்த நான்கைந்து நாளும் உங்களைக் காப்பது கூட நடக்கும் கூட்டமும், வழியில் தண்ணீர் தரும் படையினரும் தொண்டர்களும்தான். உகந்தையிலேயே வீட்டுக்குப் பேசி, இன்ன நாள் வரை போன் வராது என்று சொல்லிவிடுங்கள். இல்லையேல் வீட்டார் கலங்கிப் போவார்கள்.

இந்திய ரயில்வே செய்யக்கூடியது பெரிய காரியமல்ல. கார்த்திகை, மார்கழி இரண்டு மாதம் மட்டும் சென்னை, திருச்சி, மதுரையில் பாஸ்போர்ட் காட்டுகிறவருக்கு ஸ்லீப்பர் டிக்கெட் தரும் கவுண்டர் ஒன்று திறந்தால் போதும். அது வரும்வரை நாம் உதவலாம். நம் சொந்தக் கணக்கில் நண்பருக்கும் உறவினருக்கும் டிக்கெட் எடுத்துத் தர விதி இடம் தருகிறது; லாபத்துக்கு விற்பதுதான் குற்றம். இலங்கையில் உங்களுக்குத் தெரிந்த ஐயப்ப பக்தர் யாராவது இருந்தால், முன்பதிவு திறக்கும் காலையில் அவருக்காக எடுத்துக் கொடுங்கள். பெயரை மட்டும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எழுதுங்கள்.