மகரந்தம் கூறும் சாட்சியம்

குற்றவாளி தன் கைரேகையைத் துடைத்துவிடலாம். காலணியில் ஒட்டிய மகரந்தத்தை அவன் காண்பதேயில்லை. பிரிட்டனின் தடயவியல் அறிஞர் பட்ரீசியா வில்ட்ஷயர் 2019-இல் வெளியிட்ட ‘டிரேசஸ்’ என்னும் ஆங்கில நூலின் அடிப்படை இதுவே.

மகரந்தத் துகள்கள் பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு முதல் பத்தில் ஒரு பங்கு வரை அளவுள்ளவை. அவற்றின் புறவுறை ஸ்போரோபொல்லெனின் என்னும் உறுதியான பொருளால் ஆனது. எனவே சேற்றிலுள்ள மற்றவற்றை வீரிய அமிலங்களால் நீக்கிய பின்னும் மகரந்தம் எஞ்சுகிறது. அதன் வடிவத்தைக் கொண்டு தாவர வகையை அறியலாம். சவுக்கின் மகரந்தம் காற்றில் நெடுந்தூரம் செல்லும். ஆதலால் அதன் சாட்சியம் வலுவற்றது. பூச்சிகளை நம்பும் புளியின் மகரந்தமோ மரத்தருகிலேயே உதிரும். அது காலணியில் மிகுந்திருப்பின் பொருள் உண்டு.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். திருமுடிவாக்கம் தொழிற்பேட்டைச் சாலையைவிட்டு எங்கும் இறங்கவில்லை என்கிறான் ஒருவன். அவன் காலணிச் சேற்றில் ஏரிக்கரைச் செடிகளின் மகரந்தமும் நன்னீர்ப் பாசிகளும் கலந்திருந்தால் அவன் கூற்று ஐயத்திற்குரியதே. ஆயினும் அவன் சென்றது எந்த ஏரி, எந்த நாள் என்பது இதனால் மட்டும் விளங்காது.

இங்குதான் நூலின் குறை தெரிகிறது. மகரந்தப் பட்டியலைக் கண்டதும் நிகழ்விடம் தம் மனக்கண்ணில் தோன்றுவதாக ஆசிரியர் எழுதுகிறார். நீண்ட அனுபவத்தின் பயன் அது, மறுப்பதற்கில்லை. ஆனால் ஒருவர் மனக்கண்ணில் காண்பதை மற்றொருவர் சோதிக்க இயலாது. மாதிரி எங்கிருந்து வந்தது என்று அறியாத இன்னோர் ஆய்வாளரும் அதே முடிவுக்கு வரவேண்டும். இல்லையேல் குற்றமற்றவன் சிறை செல்ல நேரும். இதை நூல் இன்னும் அழுத்திக் கூறியிருக்கலாம். தன்வரலாறு இடையிடையே புகுவதும் அறிவியல் விளக்கத்தின் தொடர்ச்சியை அறுக்கிறது.

நூலின் வழக்குகள் பெரும்பாலும் பிரிட்டனைச் சேர்ந்தவை; அந்நாட்டுச் செடிகளின் பூக்கும் காலத்தை நம் ஊருக்குப் பொருத்த முடியாது. நமக்கு நம் தாவரங்களின் ஒப்பீட்டு மாதிரிகள் வேண்டும். 1955-இல் நிறுவப்பெற்ற புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான மகரந்த மாதிரிகள் சேகரிக்கப்பட்டுள்ளன. தடய ஆய்விலும் நமக்குப் பழைய மரபு உண்டு. நாட்டின் முதல் இரசாயனப் பரிசோதகர் ஆய்வகம் 1849-இல் சென்னையில்தான் தோன்றியது. 1952-இல் நடந்த ஆளவந்தார் கொலை வழக்கில் உடல் மானாமதுரையிலும் தலை இராயபுரம் கடற்கரையிலும் கிடைத்தன. இரண்டும் ஒருவருடையவையே என்பதை நிறுவியது மருத்துவ ஆய்வு.

குறைகள் இருப்பினும் தாவரவியல் மாணவர்கள் படிக்கவேண்டிய நூல் இது. மகரந்தம் பொய் சொல்லாது என்பது உண்மையே. அதன் சொல்லை மொழிபெயர்ப்பவர் மனிதர். அவர் தவறக்கூடும் என்பதையும் உடன் நினைவிற்கொண்டு படித்தல் நலம்.