குருவி மேலே பார்த்தால் கலியாண வீடு

காஞ்சிபுரத்தில் ஒரு மாமரம் கோயிலுக்கே பெயர் தந்திருக்கிறது. ஏக ஆம்ரம், அதாவது ஒற்றை மா, என்பதிலிருந்து வந்ததே ஏகாம்பரம் என்பார்கள். அதனடியில் மணலால் லிங்கம் பிடித்து அம்மன் பூசித்தாள் என்கிறது தலபுராணம். நான்கு கிளைக்கும் நான்கு சுவைப் பழம் என்பது ஊர்ப்பேச்சு. அந்த ஊரில் நிலைப்படியில் மாவிலை இல்லாமல் பண்டிகை ஏது? பிள்ளையார்பாளையத்து நெசவாளர் வீடுகளில் ஆயுத பூஜையன்று, மாங்காய் புட்டா நெய்கிற தறிக்கும் மாவிலை உண்டு.

கட்டுவது எளிது. சணல் கயிற்றின் மேல் இலையை மடித்துப் போட்டு, ஈர்க்குத் துண்டால் குத்தினால் போதும். மாவிலை தடித்த இலை. அழுகாது, மெதுவாகக் காயும். அடுத்த பண்டிகை வரை அங்கேயே சலசலத்துக்கொண்டிருக்கும்.

யாழ்ப்பாணத்து வாசலிலும் மாவிலை உண்டு. நிறைகுடத்தின் வாயில் தேங்காயைச் சுற்றி நிற்கும். ஆனால் தோரணம் என்றால் அங்கே முதலில் தென்னங்குருத்துதான். வெயில் படாத, வெண்மஞ்சள் நிறத்துக் குருத்து. தென்னை மாதத்துக்கு ஏறக்குறைய ஓர் ஓலைதான் விடும். குருத்தை வெட்டுவது வரப்போகிற ஓலையை வெட்டுவது. அதனால்தானோ என்னவோ, அந்த ஓலையை அவ்வளவு கருத்தாக மடிக்கிறார்கள். ஈர்க்கை உரித்து, ஓலையைக் கிழித்து, ஒன்றுக்குள் ஒன்று செருகி இழுத்தால் குருவித் தலைபோல ஒரு மடிப்பு விழும். கை பழகாதவருக்கு அது வராது. இரண்டே நாளில் பழுப்பேறிவிடும் ஒன்றுக்கு இத்தனை பாடு.

அந்தக் குருவிதான் சேதி சொல்கிறது. தலை மேல்நோக்கி இருந்தால் கலியாண வீடு. கீழ்நோக்கி இருந்தால் செத்தவீடு. அங்கே துக்கத்துக்கும் தோரணம் உண்டு, தெருவோரமாகக் கட்டுவார்கள். வழிப்போக்கர் யாரையும் கேட்க வேண்டியதில்லை, அண்ணாந்து பார்த்தால் போதும். தெற்கே சிங்களவர்களும் இதே குருத்தைக் கொக்கொல என்று சொல்லி மடிக்கிறார்கள். வெசாக் நாள்களில் புத்த சாதகக் கதைகளை விளக்கொளியில் காட்டும் பெரிய அலங்காரப் பந்தல்களுக்கு அவர்கள் மொழியில் பெயர் தொரண. தமிழன் ஓலையில் குருவியைப் படிப்பதுபோல அவர்கள் அதில் கதையைப் படிக்கிறார்கள்.

காஞ்சியிலும் திருவிழாப் பந்தல்களில் குருத்தோலை தொங்கும். யாழ்ப்பாணத்தார் கிடுகு என்பதை நாம் கீற்று என்போம், அவ்வளவுதான் பேதம் என்று நெடுநாள் நினைத்திருந்தேன். இல்லை. நம் தோரணத்துக்குத் துக்கத்தைச் சொல்லத் தெரியாது. மகிழ்ச்சிக்கு மட்டுமே கட்டுகிறோம். சாவு விழுந்த வீட்டில் ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை, தோரணமும் இல்லை. ஒரே வரிசையில் பத்து வீட்டு வாசலும் பச்சையாக இருக்க, ஒன்றில் மட்டும் ஆணி வெறுமையாக நிற்கும். கீழே பார்க்கும் குருவிக்கு இணையாக நம்மிடம் இருப்பது அந்த வெற்று ஆணி. எனக்கு அது குருவியைவிட உரக்கப் பேசுகிறது.

இப்போது காஞ்சிக் கடைகளில் வாடாத பிளாஸ்டிக் மாவிலை தொங்குகிறது. ஒருமுறை வாங்கி மாட்டினால் ஆண்டு முழுவதும் கிடக்கும். இழவு விழுந்தால் யாராவது நினைவாகக் கழற்ற வேண்டும். கழற்ற மறந்த ஒரு வாசலில் செருப்பைக் கழற்றி விட்டு, உள்ளே போகவும் முடியாமல் திரும்பவும் முடியாமல் நான் நின்றிருக்கிறேன். தலைக்கு மேல் இலைகள் பளபளவென்று பச்சையாக இருந்தன.