நகைப்பு யார்மீது? தொடக்கநிலை வாசகருக்கான சித்திரக்கதைகள் பற்றிய ஒரு நோக்கு

சிறுவர் இலக்கியம் பற்றி நம்மிடையே எழுந்த விமரிசனம் அளவிற் குறைவு. சித்திரக்கதை பற்றியோ அதுவும் இல்லை எனலாம். ஆயின், எழுத்துக்கூட்டி வாசிக்கத் தொடங்கிய ஆறேழு வயதுப் பிள்ளை எவருடைய ஏவலுமின்றித் தானாக எடுத்துப் புரட்டும் நூல் பெரும்பாலும் நகைச்சுவை கலந்த சாகசச் சித்திரக்கதையே. மரபுவழிக் கல்விமான்கள் அதனை வாசிப்பைக் கெடுக்கும் பண்டமெனத் தள்ளினர். முற்போக்காளர் சிலர் ஏகாதிபத்தியப் பண்பாட்டின் மற்றொரு சரக்கென ஒதுக்கினர். இரு சாராரும் அதனை வாசித்துப் பார்க்கவில்லை என்பதே நமது கருத்து.

இவ்விடயத்தை மானிப்பாயிலிருந்து நோக்குவது பொருத்தமுடையது. 1830களில் அமெரிக்க மிஷன் அச்சகம் இவ்வூரிலே நிலைகொண்டது. 1841இல் தொடங்கிய ‘உதயதாரகை’ இங்கே அச்சேறியது. 1842இல் வெளிவந்த அகராதி இன்றும் ‘மானிப்பாய் அகராதி’ என்றே வழங்குகின்றது. மிஷனரிமாரின் பாடநூல்களுக்கு எதிர்விளைவாகவே ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள் எழுந்தன. மதத்தால் மாறுபட்ட இவ்விரு முயற்சிகளும் ஒரு விடயத்தில் ஒன்றுபட்டன: பிள்ளையின் முதல் வாசிப்பு ஒழுக்கப் போதனையாக அமைதல் வேண்டும் என்பதே அது. நகைப்புக்கு அங்கு இடம் மிகக் குறைவு.

அதே காலப்பகுதியின் மற்றொரு நிகழ்வை இதனோடு ஒப்பிடலாம். வீரமாமுனிவரின் பரமார்த்த குரு கதையை 1822இல் பாபிங்டன் இலண்டனில் ஆங்கில மொழிபெயர்ப்புடனும் சொற்பட்டியலுடனும் பதிப்பித்தார். தமிழ் கற்கத் தொடங்கும் ஐரோப்பியரே அப்பதிப்பின் இலக்கு வாசகர். தொடக்கநிலை வாசகர் சிரித்துக்கொண்டு தமிழ் பயிலலாம் என்பது அந்நியருக்கு ஏற்புடையதாயிற்று. நம் பிள்ளைகளுக்கோ நெடுங்காலம் மறுக்கப்பட்டது.

நகைப்புக்கும் தொடக்க வாசிப்புக்கும் உள்ள உறவு தற்செயலானதன்று. சித்திரக்கதையின் ஒவ்வொரு கட்டத்திலும் படமும் சொல்லும் அருகருகே நிற்கின்றன. சொல் ஒன்று கூற, படம் வேறொன்றைக் காட்டும்போது நகைப்பு பிறக்கின்றது. ‘எனக்குப் பயமில்லை’ என்பது சொல். நடுங்கும் முழங்கால் படம். இம்முரண்பாட்டைக் கண்டு சிரிக்கும் பிள்ளை சொல்லப்படுவது வேறு, உள்ள நிலை வேறு என்பதை உணர்ந்துவிட்டது. விமரிசன உணர்வின் முதற்படி இதுவே. ஆகவே, சித்திரக்கதை வேண்டுமா வேண்டாமா என்பதைவிட, நகைப்பு யார்மீது விழுகின்றது என்பதே நாம் எழுப்பவேண்டிய வினா.

1980இல் அனந்த் பையின் முயற்சியால் மும்பையில் ‘டிங்கிள்’ சஞ்சிகை தோன்றியது. அதன் சித்திரக்கதைகளை, 1984இல் தொடங்கி வாண்டுமாமா நடத்திய ‘பூந்தளிர்’ தமிழில் தந்தது. அவற்றுட் பெரும் புகழ்பெற்ற சுப்பாண்டி, திருச்சியைச் சேர்ந்த வரதராஜன் என்ற வாசகர் அனுப்பிய கதைகளிலிருந்து 1983இல் உருவானவன். அவனுக்கு ராம் வாயீர்கர் உருவம் கொடுத்தார். எசமான் இடும் கட்டளையைச் சொல்லுக்குச் சொல்லாக எடுத்துக்கொண்டு காரியத்தைக் கெடுப்பது அவன் இயல்பு. எழுத்துக்கு எழுத்தாக வாசிக்கும் நிலையை அண்மையிலே கடந்த பிள்ளை, அந்நிலையிற் சிக்கியிருப்பவனைக் கண்டு சிரிப்பதில் உளவியல் நியாயம் உண்டு.

ஆயின், சுப்பாண்டி யார்? அவன் முதலில் வீட்டு வேலைக்காரன். பரமார்த்த குரு கதையில் முட்டாள்தனம் குருவிடமிருந்து சீடருக்கு இறங்குகின்றது; மிஷனரி நோக்கம் எதுவாயினும், நகைப்பு அதிகாரத்தின் உச்சியையும் விட்டுவைக்கவில்லை. சுப்பாண்டியிலோ எசமான் அறிவுடையவன், மூடத்தனம் உழைப்பவனுக்குரியது. பின்வந்த கதைகளில் அவன் பல தொழில்களுக்கு மாறியபோதும் இவ்வமைப்பு பெரிதும் மாறவில்லை. மலையகத் தோட்டங்களிலிருந்து சிறுவரை வீட்டுவேலைக்குக் கொண்டுவந்து வைத்திருந்தமை யாழ்ப்பாண நடுத்தர வர்க்கத்தின் வரலாற்றில் மறைக்கவியலாத உண்மையாகும். அத்தகைய வீட்டின் விறாந்தையில் ஒரு பிள்ளை சுப்பாண்டியை வாசித்துச் சிரிக்க, பள்ளி செல்லாத மற்றொரு பிள்ளை முற்றம் கூட்டிக்கொண்டிருக்குமாயின், அச்சிரிப்பு வெறும் சிரிப்பன்று.

இதனாற் சித்திரக்கதை முழுவதையும் நிராகரித்தல் கொச்சை மார்க்ஸியமாகும். சிலியில் 1971இல் டோர்ஃப்மனும் மத்தலாரும் டொனால்ட் டக் கதைகளை ஆராய்ந்து, அவற்றுள் உறையும் ஏகாதிபத்தியக் கருத்தியலை வெளிப்படுத்தினர். அந்நூலின் முக்கியத்துவம் மறுக்கவியலாதது. எனினும் அதனை வாய்பாடாகக் கொள்ளல் தகாது. அதே ‘டிங்கிள்’ சஞ்சிகையின் ஷிக்காரி சம்புவை நோக்குக. கண்ணை மறைக்கும் தொப்பியணிந்த இவ்வேட்டைக்காரன் பெருங்கோழை. தற்செயலால் வென்று வீரனெனப் பெயர் பெறுபவன். 1936இல் தோன்றிய ‘பாண்டம்’ போன்ற கதைகள், காட்டையும் காட்டு மக்களையும் காக்கும் வெள்ளை வீரனை வழிபடக் கற்பித்தன. சம்பு அவ்வழிபாட்டைச் சிரித்தே குலைக்கின்றான். காளியா என்ற காகமோ நரியினதும் முதலையினதும் சூழ்ச்சியிலிருந்து சிறு பிராணிகளைக் காக்கின்றது. அங்கு நகைப்பு வலியோன் மீது விழுகின்றது. ஒரே சஞ்சிகைக்குள் எதிரெதிரான கருத்தியல்கள் மோதுவதை இனங்காண்பதே விமரிசகரின் கடன்.

இறுதியாக மொழி பற்றிய பிரச்சினையையும் நாம் நோக்குதல் வேண்டும். பாடநூல் எழுத்துத்தமிழிற் பேசுகின்றது. பேச்சுமொழி அச்சேறக்கூடிய இடம் சித்திரக்கதையின் உரையாடற் குமிழ். ஆனால், சிவகாசியில் 1972இல் தொடங்கிய முத்து காமிக்ஸ், 1984இல் தொடங்கிய லயன் காமிக்ஸ் முதலியவற்றின் வழியாகத் தமிழ் பேசிய மேலைநாட்டு வீரர்களும் தமிழகத் தமிழையே பேசினர். ‘ஓம்’ என்றும் ‘கெதியாய் வா’ என்றும் பேசும் மானிப்பாய்ப் பிள்ளை, ‘ஆமாம்’ என்றும் ‘சீக்கிரம் வா’ என்றுமே அச்சிற் காண்கின்றது. தன் வீட்டுமொழி அச்சுக்குத் தகுதியற்றது என்ற எண்ணம் எவரும் கற்பியாமலே அதன் மனத்திற் பதிகின்றது.

1970களின் முற்பகுதியில் தென்னிந்தியச் சஞ்சிகைகளின் இறக்குமதி கட்டுப்படுத்தப்பட்டபோது ஈழத்து நாவலும் சிறுகதையும் ஊக்கம் பெற்றன. சிங்களத்தில் அதே காலத்திற் சித்திரக்கதை ஏடுகள் பெருகின. கமிலஸ் பெரேராவின் ‘கஜமன்’ மக்கள் பாத்திரமாயிற்று. தமிழிற் சிறுவர் சித்திரக்கதைக்கு அத்தகைய வேர் ஊன்றப்படவில்லை. ஆற்றல் இல்லாமையாலன்று. ‘சிரித்திரன்’ சுந்தரின் சவாரித் தம்பர் யாழ்ப்பாணத்துப் பேச்சிலே யாழ்ப்பாணத்துப் போலிப் பெருமைகளைச் சிரிப்புக்குள்ளாக்கினார். ஆயின் அது வளர்ந்தோருக்கான கலையாகவே நின்றது.

அதனைப் பிள்ளைகளின் கைக்கு இறக்குதலே இன்றுள்ள பணி. ஓவியரும் ஆரம்பப்பள்ளி ஆசிரியரும் கூடி, சில சொற்களும் பல படங்களும் கொண்டு, நம் பேச்சிற் சிரிக்கும் கதைகளை ஆக்குதல் வேண்டும். அக்கதையில் முற்றம் கூட்டும் பிள்ளையே வீரனாகட்டும். அவனை ஏவுபவர் மீது நகைப்பு விழட்டும். அவ்வாறன்றி, அகராதி தந்த ஊர் தன் பிள்ளையின் ‘ஓம்’ என்ற சொல்லுக்கு ஒரு குமிழ்தானும் தரவில்லை என்ற குறையே எஞ்சும்.