பணியிடக் கற்றல் மதிப்பீடும் தரவு திரட்டும் முறைகளும்

பணியிடப் பயிற்சியின் பயனை அளவிடுவோர் பெரிதும் பின்பற்றுவது, டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதத் தொடங்கிய கட்டுரைத் தொடரில் வகுத்த நான்கு படிநிலைகளையே ஆகும். பயிற்சி பெற்றோரின் எதிர்வினை, அவர்கள் கற்றது, பணியில் அவர்தம் நடத்தை, நிறுவனம் அடைந்த விளைவு என்பன அவை. எவற்றை மதிப்பிட வேண்டும் என்பதை இப்பகுப்புத் தெளிவாக்குகிறது. ஆயின், நடைமுறையில் பல நேரங்களில் நான்கிற்கும் ஒரே வினாநிரல் பயன்படுத்தப்படுகிறது. 'பயிற்சி பிடித்திருந்ததா?' என வினவும் தாளிலேயே 'கற்றதைப் பணியில் பயன்படுத்துகிறீர்களா?' என்ற வினாவும் இடம்பெறுகிறது. எதிர்வினையை அறிய வினாநிரல் ஏற்றது. நடத்தையை அறிய அது போதாது.

முந்தைய ஆய்வுகளைத் தொகுத்து அலிகரும் பிறரும் 1997இல் வெளியிட்ட ஆய்வு, பயிற்சியை விரும்புவதற்கும் அதில் கற்பதற்கும் ஏறக்குறையத் தொடர்பே இல்லை எனக் காட்டியது.

மொழியியலார்க்கு இம்முடிவு வியப்பளிப்பதன்று. நார்விச் நகரப் பேச்சை ஆராய்ந்த பீட்டர் டிரட்கில், பெண்கள் பலர் தாம் வழங்குவதினும் தரமான வடிவங்களை வழங்குவதாகவும், ஆண்கள் பலர் அதற்கு மாறாகவும் கூறியதை 1972இல் எடுத்துக்காட்டினார். இதனைப் பொய் எனல் பொருந்தாது. விடையில் வெளிப்பட்டது அவர்கள் விரும்பிய வழக்கு.

வில்லியம் லபோவ் 1962இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் அங்காடிகளில் பணியாளர் 264 பேரிடம் வழி கேட்டு, 'ஃபோர்த் ஃப்ளோர்' என்னும் விடையில் ரகர ஒலிப்பைக் குறித்துக்கொண்டார். இயல்பான பேச்சு கிடைத்தது. பேசியோரின் பின்னணி கிடைக்கவில்லை. மேலும், ஊழியரின் பதவி உயர்வைப் பாதிக்கக்கூடிய மதிப்பீட்டில் இத்தகைய மறைமுக நோக்கல் அறமாகாது.

மொழிபெயர்ப்பாளர் பயிற்சியில் இச்சிக்கலுக்கு ஓரளவு தீர்வு உண்டு. பயிற்சிக்கு முன்னும் பின்னும் செய்த மொழிபெயர்ப்புகள் கோப்பிலேயே உள்ளன. ஒத்த கடினமுடைய பகுதிகளைத் தேர்ந்து, எது முன்னையது என்பதை அறியாத ஒருவரைக் கொண்டு மதிப்பிடச் செய்யலாம். மாற்றம் நிகழாத இடங்களில் காரணத்தை நேர்காணலால் அறிதல் வேண்டும். கலைச்சொல் பட்டியல் இல்லாமையோ காலக் குறைவோ தடையாயிருப்பின், அக்குறையைப் பயிற்சியின் மேலோ பயின்றோர் மேலோ ஏற்றுதல் முறையன்று.

எனவே, தரவு திரட்டும் முறையை ஆய்வு வினாவே தீர்மானிக்க வேண்டும். எளிதிற் கிடைக்கும் விடைத்தாளே போதும் எனக் கொள்ளின், பயிற்சி வெற்றி பெற்றதாகப் பதிவாகும். மொழிபெயர்ப்பில் பிழைகள் தொடரும்.