மெழுகில் வார்த்த மன்றாட்டு

ஜெர்மனியின் தென்பகுதியான பவேரியாவில், சென்ற சில நூற்றாண்டுகளாகத் திருத்தலங்களுக்கு நேர்ச்சையாக அளிக்கப்பட்ட மெழுகு உருவங்கள் இன்று பழம்பொருள் சேகரிப்போரிடையே பெரிதும் விரும்பப்படுகின்றன. நிறம் மங்காதிருக்கிறதா, விரல் உடையாதிருக்கிறதா, எத்தனை ஆண்டுப் பழமை என்பனவே அவர்கள் கையாளும் அளவுகோல்கள். இவ்வுருவங்களை எடைபோட இவை போதா என்பது நமது கருத்து.

இவற்றைச் செய்தவர்கள் சிற்பிகள் அல்லர். மெழுகுதிரியும் தேன்ரொட்டியும் செய்து விற்ற கைவினைஞர்கள். தேனும் மெழுகும் ஒரே கூட்டிலிருந்து வருவதால் இரு தொழிலும் ஒரே குடும்பத்தில் தங்கின. மரத்தில் குடைந்த அச்சின் இரு பாதிகளையும் சேர்த்துக் கட்டி, உருகிய மெழுகை ஊற்றிச் சுழற்றி, மிஞ்சியதைக் கவிழ்த்துவிடுவர். சுவரில் ஒட்டிய மெல்லிய ஏடே உருவமாகிறது. கை, கால், கண், தொட்டில் குழந்தை, மாடு, முழந்தாளிட்ட ஆண், பெண் என எல்லாம் இவ்வாறே பிறந்தன. பல செந்நிற மெழுகால் ஆனவை.

இவற்றுள் நம்மை நெடுநேரம் நிறுத்துவது தேரை. கருப்பை என்பது உடலுக்குள் தேரைபோல ஊர்ந்து வருத்தும் உயிர் என்று அந்நாட்டு எளிய மக்கள் எண்ணினர். ஆகவே கருப்பை நோயுற்ற பெண் மெழுகுத் தேரையைக் காணிக்கையாக்கினாள். படித்தவர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் வாய்விட்டுச் சொல்லக் கூசும் நோவை ஆலயத்தின் நடுவே, எல்லார் கண்ணுக்கும் தெரிய, ஒரு சொல்லுமின்றிச் சொல்ல அவளுக்கு வழி கிடைத்தது. இந்தத் தேரையைக் கண்ணாடிப் பேழையில் வைத்து ‘விநோதப் பொருள்’ என்று சீட்டெழுதுவோர் அதன் பாதியைத்தான் பார்க்கின்றனர்.

முழந்தாளிட்ட மனித உருவங்களின் முகங்கள் ஒரே சாயலில் இருப்பதைக் குறையாகக் கூறுவோரும் உண்டு. பிளாரன்சு நகரோடு ஒப்பிட்டால் இது விளங்கும். 1478-இல் பேராலயத்தினுள் நிகழ்ந்த கொலைமுயற்சியிலிருந்து தப்பிய லொரென்சோ தெ மெதிச்சிக்கு, ஓர்சீனோ என்னும் மெழுகுக் கலைஞர், வெரோக்கியோவின் துணையுடன் ஆளுயர உருவங்களைச் சமைத்தார் என வசாரி எழுதியுள்ளார். அவற்றுள் ஒன்று, காயமுற்ற அன்று அவர் அணிந்திருந்த உடையையே அணிந்திருந்ததாம். அத்தனையும் அழிந்தன. பவேரியக் குடியானவனுக்கோ தன் முகம் வேண்டியிருக்கவில்லை. அண்டை வீட்டான் வாங்கிய அதே உருவத்தைத் தானும் வாங்கினான். அவனை அறிய வேண்டியவர் அறிவார் அன்றோ!

காணிக்கை மிகுந்தபோது திருத்தலத்தார் அவற்றை உருக்கித் திரியாக்கினர். மிகப் பழையன அரிதாய் இருப்பதற்கு இது முக்கியக் காரணம். இதை நாம் அவமதிப்பாகக் கொள்வதில்லை. உருகிய மன்றாட்டு பீடத்தில் எரிந்தது. மாறாக, அச்சுகள் தப்பின. அவற்றில் இன்றும் வார்க்கிறார்கள். எனவே சந்தையில் ‘பழையது’ என்று வரும் உருவத்தின் அச்சு மட்டுமே பழையதாக இருக்கலாம். புகை படிந்த கறையைத் துடைத்து விற்பவர், அது ஆலயத்தில் இருந்ததற்கான சான்றையும் சேர்த்தே துடைத்துவிடுகிறார்.

சேகரிப்போர் எல்லாரையும் பழிக்க நாம் முன்வரவில்லை. பெர்க்டெஸ்காடனைச் சேர்ந்த ருடால்ப் கிறிஸ் (1903–1973), பொருளோடு அது எவ்வூரில், எந்தப் புனிதருக்கு, எந்த நம்பிக்கையோடு அளிக்கப்பட்டது என்பதையும் ஆராய்ந்தார். நாஜி ஆட்சியில் மரண தண்டனை பெற்று உயிர் தப்பியவர் அவர். அவரது தொகுப்பு மியூனிக்கிலுள்ள பவேரிய தேசிய அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. ஊர்ப்பெயர் அற்ற தொகுப்பு, எவ்வளவு அழகாயினும், கடைக்கு ஒப்பானதே.

திருச்சபையின் நிலையும் தெளிவானது. 1983-ஆம் ஆண்டுச் சட்டத்தொகுப்பின் 1234-ஆம் எண், மக்கள் கலையும் பக்தியும் படைத்த நேர்ச்சைப் பொருள்களைத் திருத்தலத்திலோ அதன் அருகிலோ காட்சிக்கு வைத்துப் பாதுகாக்கப் பணிக்கிறது. 1292-ஆம் எண், நேர்ச்சையாக அளிக்கப்பட்டதைப் பிறர்க்கு உரிமையாக்கத் திருப்பீடத்தின் அனுமதியும் வேண்டும் என்கிறது. வேளாங்கண்ணியின் காணிக்கைக் காட்சியகத்தைக் கண்டவர்க்கு இதன் பொருள் விளங்கும்.

இங்கிலாந்தின் எக்ஸெட்டர் பேராலயம் 1942-இல் குண்டுவீச்சால் சிதைந்தது. அடுத்த ஆண்டு இடிபாடுகளைச் சீர்செய்கையில், 1455-இல் இறந்த ஆயர் எட்மண்ட் லேசியின் கல்லறைக்கு மேலே, மனித உறுப்புகளும் விலங்குகளும் ஒரு பெண்ணுருவமுமாக மெழுகுக் காணிக்கைகள் கிடைத்தன. அவை அப்பேராலயத்திலேயே இருக்கின்றன.