பகடியும் வதையும்

மலேசியத் தமிழ் ஏடுகளில் 'பகடிவதை' என்னும் சொல் வேரூன்றிவிட்டது. பல்கலைக்கழகங்களில் மூத்த மாணவர் புதியவரைப் படுத்தும் பாட்டுக்கு வழங்கிய அது, இப்போது 'இணையப் பகடிவதை' என நீண்டு, கைப்பேசி வழியே நிகழும் கொடுமைக்கும் பெயராயிற்று. ஓசை நயமுள்ள சொல்லே. ஆனால் பொருந்திய சொல்தானா?

'பகடியால் வதைத்தல்' என விரிப்பினும், 'பகடியாகிய வதை' என விரிப்பினும், பகடியே முன்னிற்கிறது. பகடியாவது கேலி. கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் பயிலும் மாணவரிடையே வாட்சாப் குழு இல்லாத வகுப்பு அரிது. அங்கே ஒரு மாணவியின் படத்தைச் சிதைத்துப் பரப்பியவனை வினவுக; 'விளையாட்டுக்குச் செய்தேன்' என்பான். அவன் வாதத்தை நம் சொல்லே முன்கூட்டி ஒப்புக்கொண்டு நிற்கிறது!

'எள்ளலும் வசையும் நம் இலக்கியத்துக்குப் புதியனவோ?' எனச் சிலர் கேட்கலாம். புதியன அல்ல. தொல்காப்பியர் எள்ளலை நகையின் நிலைக்களன்களுள் ஒன்றாக வைத்தார். அங்கதத்தையும் செம்பொருள், பழிகரப்பு என வகுத்தார். பழிகரப்பில் மறைவது பழிமொழியேயன்றிப் பழித்தவன் அல்லன். காளமேகத்தின் வசைக்குக் காளமேகமே பொறுப்பு. இன்றைய வழக்கு தலைகீழானது. வசை வெட்டவெளியில் நிற்க, வைதவன் பொய்க்கணக்கினுள் ஒளிகிறான். இதனை அங்கத மரபோடு சேர்த்தெண்ணுதல் அம்மரபுக்கே இழுக்கு.

2024 ஜூலையில் கோலாலம்பூரில், டிக்டாக்கில் பலரும் அறிந்திருந்த ஏஷா என்னும் ராஜேஸ்வரி அப்பாஹு, இணைய வசைகளுக்கு ஆளாகி, காவல்துறையில் புகார் செய்திருந்த நிலையில், உயிர் நீத்தார். வைதவருள் ஒருவர் வேறு சட்டத்தின்கீழ் ஓராண்டுச் சிறை பெற்றார். மற்றொருவருக்கு 1955-ஆம் ஆண்டின் சிறு குற்றங்கள் சட்டப்படி விதிக்கப்பெற்ற தண்டம் 100 ரிங்கிட். அத்தொகையைக் கேட்டு நாடே கொதித்தது. தண்டனைச் சட்டத்தில் 507பி முதல் 507ஜி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பெற்று, 2025 ஜூலை 11 முதல் நடைமுறைக்கு வந்தன.

இவற்றுள் இரண்டு பிரிவுகள் நம் ஆராய்ச்சிக்கு உதவுவன. அலைக்கழிக்கும் நோக்கத்தோடு இழித்துரைத்தால் 507பி-யின்கீழ் மூன்றாண்டு வரை சிறை உண்டு. 507சி-யோ அந்நோக்கத்தை எதிர்பார்ப்பதில்லை. கேட்பவர் மனம் கலங்கத்தக்க சொல்லாயின் அதுவே குற்றம். ஓராண்டு வரை சிறை. 'விளையாட்டு' என்னும் விடைக்கு அங்கே இடமில்லாமற் போயிற்று. பிறிதொரு பிரிவு, ஒருவரது அடையாள விவரங்களைத் தீங்கு கருதி ஊரறியப் பரப்புதலைக் குற்றமாக்குகிறது. வீட்டு முகவரியைப் பரப்புவதில் பகடி எங்கே இருக்கிறது?

சட்டம் தள்ளிய பகடியைச் சொல் மட்டும் ஏன் சுமக்கவேண்டும்? 'இணையவதை' எனின் போதும். வதை என்பதற்குக் கொலை என்னும் பொருளும் உண்டே, அது மிகையாகாதோ எனின், நடந்ததை அறிந்தபின் மிகையென்று சொல்ல எனக்கு நா எழவில்லை. 'இணையப் பகடிவதையின் தீமைகள்' எனக் கட்டுரைத் தலைப்புத் தரும் ஆசிரிய அன்பர்கள், அடுத்த முறை அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டுக் கரும்பலகையில் எழுதிப் பார்க்கலாம்.