மழைக்குத் தயார், காற்றுக்கு இல்லை: நாஞ்சில் நாட்டு வீடும் தொழுவமும்

கார்த்திகை அடைமழைக்கு நாஞ்சில் நாட்டு வீடுகள் புரட்டாசியிலேயே தயாராகத் தொடங்கிவிடும். உடைந்த ஓட்டை மாற்றுவார்கள். கொதும்பும் மடலும் சிரட்டையும் விறகுப்புரையில் ஏறும். கன்னிப்பூ அறுவடையின் வைக்கோல் படப்பாக உயரும். பத்தாயத்தில் நெல்லும், பரணில் கருப்பட்டியும் புளியும் கருவாடும், விளையில் பிடுங்காமல் விட்ட மரச்சீனியும் இருக்கும். மாட்டுத் தொழுவத்தின் தரையில் சரிவு பார்த்து ஓடை வெட்டிவிடுவார்கள். இதற்கெல்லாம் யாரும் உத்தரவு போட்டதில்லை. தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு பருவமழையையும் வாங்கிக்கொள்ளும் குமரி மாவட்டம் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்துவைத்த பழக்கம் இது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் இந்தப் பழக்கத்தைச் சோதித்துப் பார்த்தது. கடலுக்குப் போன மீனவர்களின் இழப்பு அந்தப் புயலின் ஆறாத துயரம். அது தனியே எழுதப்பட வேண்டியது. கரையில் ரப்பரும் வாழையும் தென்னையும் சாய்ந்தன, மின்கம்பங்கள் ஆயிரக்கணக்கில் விழுந்தன, பல ஊர்களில் ஒரு வாரத்துக்கும் மேலாக மின்சாரம் இல்லை. அன்று கரையில் இருந்த வீட்டையும் தொழுவத்தையும் நம் பழைய முன்னேற்பாடு எவ்வளவு காத்தது, எங்கே கைவிட்டது என்பதே இக்கட்டுரையின் கேள்வி. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் முன்னேற்பாடு மழைக்கானது, காற்றுக்கானது அல்ல. குறை பழக்கத்தில் இல்லை, அந்தப் பழக்கம் மழையோடு நின்றுவிட்டதில் இருக்கிறது.

அறிவிப்பை எதிர்பாராத பழக்கம்

முதலில் வலிமையைப் பார்ப்போம். இந்திய வானிலை ஆய்வுத் துறையின் புயல் எச்சரிக்கை நான்கு கட்டமாக வருவது. 72 மணி நேரத்துக்கு முன் கண்காணிப்பு, 48 மணி நேரத்துக்கு முன் விழிப்பூட்டல், 24 மணி நேரத்துக்கு முன் எச்சரிக்கை, 12 மணி நேரத்துக்கு முன், கரை கடந்த பிறகான நிலவரம் பற்றிய முன்னறிவிப்பு. வங்கக்கடலில் பல நாள் உருண்டு திரண்டு வரும் புயலுக்கு இந்த ஏற்பாடு பொருந்தும். ஒக்கி அப்படி வரவில்லை. நவம்பர் 29 காலையில் இலங்கைக்குத் தென்கிழக்கே தாழ்வு மண்டலமாக இருந்தது, மறுநாள் காலை குமரிக்கடலில் புயலாகிவிட்டது. இடையில் கிடைத்தது ஒரே நாள். நம் மாவட்டத்தில் அது கரையைக் கடக்கவும் இல்லை. பக்கத்துக் கடல் வழியாகப் போகிற போக்கிலேயே இவ்வளவையும் செய்துவிட்டது.

இப்படிப்பட்ட புயலுக்கு, அறிவிப்பு வந்த பிறகு தொடங்கும் முன்னேற்பாடு உதவாது. மாதத்தைப் பார்த்துத் தொடங்கும் முன்னேற்பாடுதான் உதவும். ஒக்கிக்குப் பிந்தைய நாட்களில் சாலை மறிபட்டு, கடை அடைத்து, கைப்பேசி ஊமையாகிக் கிடந்தபோது, அரிசியும் உலர்ந்த விறகும் கிழங்கும் இருந்த வீடு அடுப்பை மூட்டியது. எரிவாயு உருளையும் அன்றாடம் கடைக்குப் போவதும் மட்டுமே தெரிந்த வீடு திண்டாடியது. இந்த வகையில் பழைய பழக்கத்துக்கு நான் முழு மதிப்பெண் தருவேன்.

படப்பும் அப்படியே. வைக்கோலை மேல் குவித்துக் கூம்பாக முடித்து வாரிவிட்டால் புற அடுக்கே கூரையாகி உள்வைக்கோலை நனையாமல் காக்கும். அறுவடை எந்திரம் வந்த பிறகு ஈரம் காயாத வைக்கோலை உருளைக் கட்டாகச் சுருட்டித் தார்ப்பாயால் மூடிவிடுகிறோம். வெளியே மழை படாவிட்டாலும் உள்ளே பூஞ்சை பிடிக்கிறது. பூஞ்சை பிடித்த தீவனத்தின் நச்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும், பாலிலும் இறங்கும். காயவைத்து அடுக்கிய படப்பு இந்தத் தார்ப்பாயைவிட மேலானது.

காற்று வந்தபோது

ஆனால் மேலே சொன்ன ஏற்பாடுகளில் காற்றுக்கென்று எது இருக்கிறது? படப்பின் தலையில் வலை கிடையாது. ஓட்டை மாற்றுகிறோம், ஓட்டைத் தாங்கும் கைமரம் சுவரோடு கட்டப்பட்டிருக்கிறதா என்று பார்ப்பதில்லை.

ஆரல்வாய்மொழிக் கணவாய்க்காரர்களுக்குக் காற்று புதிதல்ல. ஆடிக்காற்றை நம்பித்தான் முப்பந்தலில் காற்றாலைகள் நிற்கின்றன. ஆனால் அது திசை தெரிந்த காற்று, ஆண்டுதோறும் ஒரே பக்கமிருந்து வருவது. புயல் நகர நகரக் காற்றின் திசை மாறும். மேற்கே கல்குளம், விளவங்கோடு பக்கம் வீடுகள் ரப்பருக்கும் பலாவுக்கும் அயனிக்கும் தென்னைக்கும் நடுவே ஒதுங்கி இருப்பவை. அந்த மரங்கள்தான் அரண் என்று நினைத்திருந்தோம். ஒக்கியில் கூரைமேலும் கம்பிமேலும் சாலைமேலும் விழுந்தவை அவைதாம்.

பழைய நாலுகட்டு வீட்டுக்கு ஒரு நன்மை உண்டு. நான்கு பக்கமும் சரியும் கூரை எந்தத் திசைக் காற்றுக்கும் செங்குத்தான சுவரைக் காட்டாது. அதன் பலவீனம் நீண்ட இறவாரம். மழைச் சாரலைத் தடுக்க வெளியே நீட்டிய அந்த விளிம்புக்கு அடியில் புகும் காற்று ஓடுகளை மேல்நோக்கித் தூக்கிவிடும். மழைக்குச் செய்த ஏற்பாடே காற்றுக்கு வாசலாகிறது.

இந்த முரண் மிக மோசமாக வெளிப்படுவது மாட்டுத் தொழுவத்தில். இன்று பெரும்பாலான தொழுவங்கள் மூன்று பக்கம் அரைச்சுவரோ மறைப்போ, ஒரு பக்கம் திறப்பு, மேலே தகரம் அல்லது ஆஸ்பெஸ்டாஸ். திறந்த பக்கத்தால் நுழையும் காற்று வெளியேற வழியின்றிக் கூரையை உள்ளிருந்து முட்டுகிறது. அதே நேரம் கூரைக்கு மேலே ஓடும் காற்று அதை உறிஞ்சுகிறது. இரண்டும் சேர்ந்தால் தகரம் பிய்ந்து பறக்கும். இதற்கு நாம் செய்வதென்ன? தகரத்தின்மேல் கல்லையும் தென்னந்தடியையும் தூக்கி வைக்கிறோம். சாதாரணக் காற்றுக்கு அது போதும். புயலில் தகரம் எழும்பினால் முதலில் உருண்டு விழுவது அந்தக் கல், விழும் இடம் மாட்டின் முதுகு. இந்த ஒரு வழக்கத்தை அடியோடு விட்டுவிட வேண்டும் என்பேன். கல்லுக்குப் பதிலாகக் கூரைக்குக் குறுக்கே வடம் போட்டு, இரு பக்கமும் மண்ணில் ஆழ அடித்த முளையில் கட்டுவதே சரி. ஆணிக்குப் பதிலாகக் கொக்கி போல்ட்டு வேண்டும். திறப்புக்கு எதிர்ச்சுவரில் காற்று வெளியேற வழியும் வேண்டும்.

தும்பை அவிழ்ப்பதா, வேண்டாமா?

இனி, எளிதில் தீர்க்க முடியாத கேள்வி. புயல் இரவில் மாட்டைத் தொழுவத்தில் கட்டி வைப்பதா, அவிழ்த்து விடுவதா?

நம் வழக்கம் கட்டி வைப்பது. "அவுத்து விட்டா அது எங்க போய் நிக்குமோ, ஆரு தேடுவா மக்களே?" என்று பெரியவர்கள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. மிரண்ட மாடு அறுந்து கிடக்கும் மின்கம்பியை மிதிக்கலாம், சாலைக்கு ஓடலாம், இருட்டில் கிணற்றில் விழலாம். ஈன்று சில நாளே ஆன பசுவும் கன்றும் கொட்டும் மழையில் நின்றால் குளிரில் துவண்டுபோகும். பழகிய இடத்தில், பழகிய கையருகே மாடு அமைதியாக இருக்கும் என்பதும் உண்மை.

ஆனால் இந்த நியாயம் தொழுவம் நிற்கும்வரையில்தான். கூரை சரிந்தாலோ வெள்ளம் ஏறினாலோ கட்டிய கயிறே தூக்குக்கயிறு. மாடு நன்றாக நீந்தும், கட்டிய மாடு நீந்த முடியாது. வெள்ளக் காலத்தில் கால்நடைகளை அவிழ்த்து விடுங்கள் என்று பேரிடர் மேலாண்மைத் துறையினர் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான். அமெரிக்காவின் சூறாவளிப் பகுதிகளில் குதிரை வளர்ப்போருக்கும் ஏறத்தாழ இதே அறிவுரை உண்டு. கொட்டகை உறுதியில்லை என்றால் அதில் அடைக்காதே; மரமும் மின்கம்பியும் இல்லாத, நல்ல வேலி உள்ள, மேடான மேய்ச்சல் வெளியில் விடு என்கிறார்கள். குளம்பில் உரிமையாளரின் தொலைபேசி எண்ணை எழுதி விடுவோரும் உண்டு.

அவிழ்ப்பது மட்டும் போதுமா என்றால், அதுவும் இல்லை. 2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் கரை கடந்தபோது கோடியக்கரைக் காட்டில் கட்டிப்போட யாரும் இல்லாத மான்களும் வெளிமான்களும் இருந்தன. அவற்றின் உடல்கள் காரைக்கால் கரையில் ஒதுங்கின. தாழ்ந்த நிலத்தில், கடல் ஏறும் இடத்தில், சுதந்திரம் ஒரு விலங்கைக் காப்பாற்றாது. 1977 நவம்பரில் ஆந்திரத்தின் திவி சீமையில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட மனிதர்களோடு ஏராளமான கால்நடைகளையும் கொண்டுபோனது அப்படிப்பட்ட கடல்நீர்தான்.

ஆகவே விடை இடத்தைப் பொறுத்தது. பொற்றையடியிலோ மேட்டு விளையிலோ, பெரிய மரம் சாயாத இடத்தில், கூரை இறுகக் கட்டிய தொழுவம் இருந்தால் மாடு உள்ளேயே இருக்கட்டும். வயலையோ ஆற்றையோ குளத்தங்கரையையோ ஒட்டிய தொழுவமென்றால் காற்று எழுவதற்கு முன், பகலிலேயே, மேட்டுக்கு ஓட்டிக் கொண்டுபோக வேண்டும். மேடு எது, யாருடைய விளை, எந்த வழி என்பதைப் புரட்டாசியிலேயே அண்டை வீட்டாரோடு பேசி முடிவு செய்திருக்க வேண்டும். புயல் இரவில் செய்யக்கூடிய முடிவல்ல அது.

காணாமல் போகும் என்ற அச்சத்துக்கும் இன்று ஒரு பதில் உண்டு. கால்நடைத் துறை காதில் மாட்டும் 12 இலக்கத் தோடு மாட்டின் அடையாள அட்டை. நம்மில் பலர் மாட்டின் அழகு கெடும் என்று அதை மறுக்கிறார்கள், விழுந்தால் மறுபடி போடுவதில்லை. 2023 டிசம்பரில் தமிழக அரசு புயல், வெள்ளத்தில் இறந்த பசு, எருமைக்கான நிவாரணத்தை 37,500 ரூபாயாக உயர்த்தியது. காதுத்தோடு இருந்தால் இறந்தது யார் மாடு என்ற தகராறு எழாது, தப்பிப் போன மாடும் திரும்பி வரும்.

கயிற்றைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். தென்னங்கயிறு நனைந்தால் உப்பி முடிச்சு இறுகும், விரலால் அவிழாது. இப்போது எல்லாத் தொழுவத்திலும் இருக்கும் நைலான் கயிறோ, மாடு எவ்வளவு முட்டி இழுத்தாலும் அறாது, கழுத்தை அறுக்கும். தும்பைக் கட்டுத்தறியில் போடுவது பெரும்பாலும் வீட்டு ஆண்கள். நள்ளிரவில் தொழுவத்துக்கு ஓடுவதோ அன்றாடம் அங்கே வேலை செய்யும் பெண்கள். யார் கட்டினாலும் யாரும் ஒரே இழுப்பில் அவிழ்க்கக்கூடிய முடிச்சாக அது இருக்க வேண்டும். தொழுவத்தின் தூணில் கைக்கெட்டும் உயரத்தில் ஓர் அரிவாள் மழைக்காலம் முழுக்கச் செருகியிருக்க வேண்டும்.

தண்ணீர் நடுவே தாகம்

புதிய பழக்கங்கள் உண்டாக்கிய குறை ஒன்றும் இருக்கிறது. கிணற்றில் கப்பியும் வாளியும் போய் மோட்டார் வந்தது. மின்சாரம் நின்றதும் கிணறு நிறையத் தண்ணீர் இருந்தும் மாட்டுக்குக் காட்ட வழியில்லை. கறவை மாடு ஒன்று நாளுக்கு 60 லிட்டர் அளவில் குடிக்கும். பனிப்புயல் வீசும் நாடுகளில் குதிரைக்காரர்களின் முதல் கவலையும் இதுதான்: தொட்டித் தண்ணீர் உறைந்துவிடும், மின்சாரம் போனால் மோட்டார் ஓடாது. அதனால் புயலுக்கு முந்தைய நாளே இருக்கும் பாத்திரத்தையெல்லாம் நிரப்பி, வைக்கோலைக் கூடுதலாக எடுத்துவைத்துக்கொள்கிறார்கள். உறைபனியோ அடைமழையோ, மின்சாரத்தை நம்பிய கிணற்றின் நிலை ஒன்றுதான்.

நம் மாடியில் இருக்கும் 1,000 லிட்டர் பிளாஸ்டிக் தொட்டி இதற்கு நல்ல விடை. காலியாக இருந்தால் காற்று அதைத் தூக்கி எறியும். நிரம்பினால் அது ஒரு டன் எடை, அசையாது. இரண்டு பசுவும் நாலு பேரும் உள்ள வீட்டுக்குச் சிக்கனமாகச் செலவிட்டால் ஏறக்குறைய ஐந்து நாளுக்கு அந்தத் தண்ணீர் போதும். அறிவிப்பு வந்த அரைமணி நேரத்தில், ஒரு பைசா கூடுதல் செலவில்லாமல் செய்யக்கூடிய வேலை இது. கிணற்றடியில் கப்பியும் வடமும் வாளியும் மீண்டும் இருக்கட்டும் என்பதும் என் கோரிக்கை.

தீர்ப்பு

நாஞ்சில் நாட்டுப் பழைய முன்னேற்பாடு காலம் தவறாதது, செலவு குறைந்தது, யார் அறிவிப்புக்கும் காத்திராதது. அதைக் கைவிட்டு வானிலைச் செய்தியை மட்டும் நம்புவது பிழை. ஆனால் ஒக்கிக்குப் பிறகும் அதை மழைப் பழக்கமாக மட்டுமே வைத்திருப்பது அதைவிடப் பெரிய பிழை.

புரட்டாசி வேலைகளோடு இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வீட்டுக்கும் தொழுவத்துக்கும் மேலே நீளும் பலாக் கிளையையும் முருங்கையையும் கழியுங்கள். பலாத்தழை ஆட்டுக்குத் தீவனமாகும். தென்னையில் நெற்றையும் காய்ந்த மட்டையையும் இறக்குங்கள். தகரத்தின்மேல் இருக்கும் கல்லை எடுத்துவிட்டு வடம் கட்டுங்கள். மழைக்கு முன்பே தொண்டை அடைப்பான் தடுப்பூசி போடுங்கள். காதுத்தோட்டைச் சரிபாருங்கள். கால்நடை ஆம்புலன்ஸின் 1962 என்ற எண்ணைத் தொழுவச் சுவரில் எழுதுங்கள். மாட்டை ஓட்டிப் போக வேண்டிய மேட்டை வீட்டில் எல்லோருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும், நேரில் காட்டிக் கொடுங்கள். ஊராட்சிகள் அந்த மேட்டு நிலங்களை ஊர்தோறும் குறித்து அறிவிக்க வேண்டும். அடுத்த புயலும் ஒரே நாள் அவகாசத்தில்தான் வரும் என்று எண்ணி இவற்றைச் செய்து முடிப்போம்.